ரெண்டு கால் குறைந்த சிலந்தி

"எட்டுக்கால் பூச்சிக்கு எத்தனை காலுய்யா?" என்று கேட்டார் முதலாளி ஆண்டிச்சாமி.

பேரிலேயே பதிலை வைத்துக்கொண்டு ஒருவர் கேள்வி கேட்கிறார் என்றால் அதில் வில்லங்கம் இருக்கிறது என்று சத்தியநாதனுக்குப் பட்டது. பிரஷ்ஷைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, "எட்டு, மொதலாளி" என்றான்.

"அதுல ரெண்டைக் கொறைச்சிரும்."

சொல்லிவிட்டு, கையில் இருந்த தாளை மேஜைமேல் போட்டார். மதுரை வக்கீல் ஒருவர் அனுப்பிய நோட்டீஸ். விருதுநகரில் சீனிச்சாமி என்பவர் நடத்துகிற பட்டாசுக் கம்பெனி, 'விஷச் சிலந்தி மார்க்' என்று ஒன்றைப் பதியக் கொடுத்திருக்கிறதாம். அந்தப் படத்தோடு இந்தத் தீபாவளிக்குச் சரவெடி வரப்போகிறதாம். அதே சிலந்தியை ஆண்டிச்சாமி திருடி அச்சடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டார்களாம். சரக்கை நிறுத்தாவிட்டால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிந்திருந்தது.

சத்தியநாதனுக்குக் காது சிவந்துவிட்டது. திருட வேண்டும் என்று நினைத்தாலும் முடியாது என்பது சிவகாசியில் எல்லோருக்கும் தெரியும். 1958ஆம் வருஷத்து ஆவணி மாதம் அது. சீசன் சரக்கு கடைக்குப் போகும்வரை புது லேபிளை யாரும் வெளியே காட்ட மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக்கூடப் பெண்ணை ஒருமுறை காட்டுவார்கள்; லேபிளைக் காட்ட மாட்டார்கள். விருதுநகர்க்காரர்களின் சிலந்தி கறுப்பா சிவப்பா என்று இவனுக்கு எப்படித் தெரியும்?

அதோடு, இந்தச் சிலந்தி அவனுடைய சொந்தச் சிலந்தி. ஆண்டிச்சாமிக்கு எம். புதுப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை, சிவகாசியில் லேபிள் அச்சகம். அந்த அச்சகத்தில் பதினோரு வருஷமாகச் சத்தியநாதன்தான் ஆர்ட்டிஸ்ட். பதினோரு வருஷமும் அடுத்தவன் கிளியையும் அடுத்தவன் குதிரையையும் பார்த்துப் பார்த்து எழுதினான். இந்த வருஷம்தான் முதலாளி மனசு இரங்கி, "ஒம்ம இஷ்டத்துக்கு ஒண்ணு எழுதும், பாத்தா பயம் வரணும்" என்றார். பேப்பர் கோடவுனில் திரிந்த ஒரு விஷச் சிலந்தியைப் பிடித்து, ஜாம் புட்டியில் போட்டு, ஈ பிடித்துக் கொடுத்து, நாலு நாள் எதிரே உட்கார்ந்து எழுதிய படம் அது. எட்டுக் கால்களிலும் மயிர் தனித்தனியாகத் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குத் தலைச்சன் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அறுபதாயிரம் லேபிள் அச்சாகி அடுக்கி வைத்தாகிவிட்டது.

"ஆறு காலு ஆயிட்டா அது எட்டுக்கால் பூச்சி இல்லல்லா. அப்ப கேஸு எங்கிட்டு நிக்கும்?" என்று தன் சட்ட ஞானத்தை விளக்கினார் ஆண்டிச்சாமி. எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். "இந்த லேபிளு போச்சுன்னா, நீரும் காரியாபட்டிக்கு வண்டி ஏறிரும்."

காரியாபட்டியில் சத்தியநாதனின் அண்ணன் கடலை மண்டி வைத்திருந்தார். படம் எழுதுகிறவன் உருப்பட மாட்டான் என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். தம்பிக்காக ஒரு தராசும் ஒரு முக்காலியும் அங்கே காலியாகக் காத்துக்கொண்டிருந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் நேராக மனைவியிடம் போனான். ஞானபூரணி மிஷன் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிலந்திக்கு ரெண்டு கால் குறைந்தால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டான்.

"நொண்டிச் சிலந்தி" என்றாள், தலையைத் தூக்காமல்.

விஷயத்தைச் சொன்ன பிறகுதான் தலையைத் தூக்கினாள். லேபிளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆறு கால் என்றால் பூச்சி இனம், உடம்பு முட்டை வடிவத்தில் இருப்பதால் குளத்தில் முங்கித் திரிகிற நீர்வண்டு என்று சொல்லலாம், ஆனால் அதற்குத் தலையில் ரெண்டு கொம்பும் முதுகில் நடுக்கோடும் துடுப்பு மாதிரிப் பின்னங்காலும் வேண்டும் என்றாள்.

"அப்ப நீ வந்து, இது நீர்வண்டுதான்னு ஒரு வார்த்தை சொல்லுவியா?"

"எட்டுக் காலை வச்சிக்கிட்டு வண்டுன்னு சாதிக்க நான் வர மாட்டேன். மொதல்ல அதை வண்டாக்குங்க, பொறவு சொல்லுதேன். ஒங்க பேரே சத்தியநாதன். பொய்ச்சாட்சிக்குப் பொண்டாட்டியைக் கூப்பிடுறீகளே."

மறுநாள் காலையில் வண்டாக்கும் வேலை தொடங்கியது. அச்சுப் பிளேட்டில் முன்னங்கால் ரெண்டையும் தன் கையாலேயே சுரண்டி எடுத்தான். சுரண்டும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்து நெடி என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னான்.

ஏற்கெனவே அச்சான அறுபதாயிரத்தை என்ன செய்வது? தூக்கிப் போட முதலாளி சம்மதிக்கவில்லை. லேபிளின் பின்னணி சிவப்பு. அதே சிவப்பு மையைத் தொட்டு ரெண்டு காலை மறைத்துவிடலாம் என்று சத்தியநாதன் யோசனை சொன்னான். லேபிள் ஒட்டுகிற பெண்கள் இருபது பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அய்யம்மாள் மேஜைக்குப் பத்துப் பேர், சின்னத்தாய் மேஜைக்குப் பத்துப் பேர். ஒரு லேபிளுக்கு ரெண்டு கால் மறைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் வேறு வேலையைப் பார்க்கப் போனான்.

அந்தப் பெண்கள் வேலையில் குறை சொல்லவே முடியாது. குறை இருந்திருந்தால்தான் நன்றாக இருந்திருக்கும். அய்யம்மாள் மேஜையில் முன்னங்கால்களை மறைத்தது அவ்வளவு நேர்த்தி, மறைத்த சுவடே தெரியவில்லை. காய்ந்த கட்டுகளை எடுத்துச் சின்னத்தாய் மேஜைக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். சின்னத்தாய் பார்த்தாள். கை படாத கட்டு என்று நினைத்தாள். பின்னங்கால் ரெண்டையும் மறைத்தாள். ரெண்டு நாள் கழித்துச் சத்தியநாதன் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து பார்த்தபோது, இருபதாயிரம் லேபிளில் நாலு கால் பிராணி ஒன்று படுத்திருந்தது.

ஆண்டிச்சாமி ஒன்றை எடுத்து, தள்ளி வைத்துப் பார்த்தார். கிட்டே வைத்துப் பார்த்தார். "தவளையாய்யா?" என்று கேட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறோம். சிலந்தி பிடிக்கத் தவளையானது அன்றைக்குத்தான். ராத்திரி பகல் பாராமல் இன்னொரு பிளேட்டு செய்து, பின்னங்கால் ரெண்டையும் மறுபடி அச்சேற்றினான். எப்படியும் ஏற்றுகிறோமே என்று, ஞானபூரணி சொன்னபடி துடுப்பு மாதிரி அகலமாக ஏற்றினான். கொம்பும் வைத்தான். முதுகில் கோடும் போட்டான். இப்போது அது தண்ணீரைக் காட்டினால் குதித்துவிடும் போல இருந்தது.

பெயரையும் மாற்ற வேண்டுமே. 'நீர்வண்டு மார்க் சரவெடி' என்று எழுதிக் கொண்டுபோய்க் காட்டினான். ஆண்டிச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பட்டாசுப் பெட்டியில தண்ணியா? எவன்யா வாங்குவான்?"

நியாயமான கேள்வி. அந்தப் பக்கத்தில் சீசன் நேரத்தில் மேகம் கறுத்தாலே ஆட்கள் முகம் கறுத்துவிடும். மழை என்ற வார்த்தையைத் தொழிற்சாலைக்குள் சொன்னவனை மேஸ்திரி வெளியே போய் வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வார். நமுத்துப் போன சரம் என்று லேபிளிலேயே அச்சடித்து விற்கிற மாதிரி ஆகிவிடும் என்று ஆண்டிச்சாமி தலையில் கை வைத்தார். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. முதலாளிகளுக்கு யோசனை வருகிற நேரத்தில் வேலைக்காரர்கள் ஊரில் இருக்கக் கூடாது. பெயருக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்கச் சொன்னார்: 'தண்ணீரிலும் வெடிக்கும்.'

வெடிக்காதே என்று சத்தியநாதன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். தண்ணீரில் போட்டுப் பார்க்க எந்தப் பைத்தியக்காரன் பட்டாசு வாங்குகிறான் என்று முதலாளி கேட்டார்.

அந்தப் பைத்தியக்காரர்கள் அத்தனை பேரும் காரியாபட்டியில் இருந்தார்கள். முதல் லோடு அங்கேதான் போனது. சரம் வாங்கிய ஒவ்வொருவரும் கடை வாசலிலேயே வாளியைக் கொண்டுவந்து வைத்துச் சோதித்தார்கள். மூன்றாம் நாள் லோடு அப்படியே திரும்பி வந்தது. அதற்கு முன்னாலேயே அண்ணனின் தபால் கார்டு வந்துவிட்டது. 'தம்பிக்கு ஆசீர்வாதம். உன்னுடைய வண்டு இங்கே நன்றாக நீந்துகிறது. வெடிக்கத்தான் இல்லை. முக்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.'

அந்தக் கடைசி வரியைச் சத்தியநாதன் மூன்று தடவை படித்தான். அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஞானபூரணி தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். அவளுக்கும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. காரியாபட்டியில் அவளுக்குப் பள்ளிக்கூடம் ஏது?

'தண்ணீரிலும் வெடிக்கும்' என்ற வரியின் மேல் கறுப்பு மை அடித்து மறைத்துக்கொண்டிருந்தபோது, விருதுநகரிலிருந்து ஆள் வந்தது. சனிக்கிழமை பேசித் தீர்த்துக்கொள்ளலாம், கோர்ட்டு வேண்டாம், இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு மிளகாய் மண்டிக்காரர் நடுவர் என்று சீனிச்சாமி சொல்லி அனுப்பியிருந்தார். பயந்துவிட்டான் என்றார் ஆண்டிச்சாமி. டீச்சரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றும், இதில் ஜெயித்தால் சத்தியநாதன் சாகிறவரை இந்த அச்சகத்தில்தான் இருப்பான் என்றும் சொன்னார்.

ஞானபூரணி இந்தத் தடவை மறுக்கவில்லை. புது லேபிளை வாங்கி ஒன்று, ரெண்டு என்று விரல் வைத்து எண்ணினாள். "ஆறு காலு, ரெண்டு கொம்பு, துடுப்பு. இது வண்டுதான். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்" என்றாள். சும்மா சொன்னால் ஆண்களுக்கு விளங்காது, உயிரோடு கொண்டுபோய்க் காட்டுவோம் என்றும் அவளே சொன்னாள். ஜாம் புட்டியில் சத்தியநாதனின் பழைய சிலந்தி. பள்ளிக்கூடத்து ஹார்லிக்ஸ் புட்டியில் தண்ணீர் விட்டு ஒரு நீர்வண்டு, மூச்சு விடுவதற்கு வாயில் மெல்லிய துணி.

முதலாளி காரில் முன்னாலேயே போய்விட்டார். புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறினார்கள். திருத்தங்கல் தாண்டி, விருதுநகருக்கு இன்னும் நாலு மைல் இருக்கும்போது துணியின் கட்டு இளகி, வண்டு வெளியே வந்து, றெக்கையை விரித்துப் பறந்து, கண்டக்டரின் கழுத்தில் போய் உட்கார்ந்தது. நீர்வண்டு பறக்கும் என்பது ஞானபூரணிக்குத் தெரியும். கண்டக்டருக்குத் தெரியாது. அவர் போட்ட கூச்சலில் பஸ்ஸே எழுந்து நின்றது. சத்தியநாதன் எல்லோரையும் சமாதானப்படுத்த நினைத்தான்.

"பயப்படாதீக. அது கடிச்சா ஒண்ணும் ஆகாது. வெசம் உள்ளது இந்தா, ஏங் கையில பத்திரமா இருக்கு" என்று ஜாம் புட்டியைத் தூக்கிக் காட்டினான்.

பஸ்ஸில் விஷச் சிலந்தி ஒன்று வருகிறது என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. வண்டி நின்றது. முதலில் மற்றவர்கள் இறங்கினார்கள். அப்புறம் இவர்கள் ரெண்டு பேரையும் இறக்கிவிட்டு, மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள். பறந்த வண்டு திரும்பவில்லை.

அந்த நாலு மைலையும் நடந்தார்கள். விருதுநகர் தெப்பக்குளத்தில் சத்தியநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், பூச்சி பிடிக்கிறதற்கென்று சிவகாசியிலிருந்து ஒருவன் வந்திருக்கிறானா என்று வேடிக்கை பார்த்தார்கள். மேலேயிருந்து ஞானபூரணி கையை நீட்டி நீட்டி இடம் காட்டினாள். அரை மணி நேரத்தில் சுறுசுறுப்பான ஒரு வண்டு அகப்பட்டது. இடுப்புவரை நனைந்திருந்தாலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்தது அதுதான் முதல் தடவை.

மண்டியில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் முறை வைத்துத் தும்மினார்கள். மண்டிக்காரர் மட்டும் தும்மவில்லை, அவருக்குப் பழக்கம். ஒரு பக்கம் சீனிச்சாமி, அவருடைய கணக்குப்பிள்ளை முனியசாமி. இன்னொரு பக்கம் ஆண்டிச்சாமி. சீனிச்சாமியின் முகம் ரெண்டு நாள் பட்டினி கிடந்தவர் முகம் போல இருந்தது. எல்லோரும் உட்கார்ந்ததும் அவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் மொதல்ல ஒண்ணு சொல்லிப்புடுதேன், அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார்.

"நீங்க சொல்லுறதை நோட்டீசுலயே சொல்லிட்டீக. இப்ப எங்க டீச்சர் சொல்லுறதைக் கேளுங்க" என்றார் ஆண்டிச்சாமி.

ஞானபூரணி ரெண்டு புட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வகுப்பில் பேசுகிற குரலில் தொடங்கினாள். சிலந்திக்கு உடம்பு ரெண்டு பாகம், வண்டுக்கு மூன்று. சிலந்திக்குக் கால் எட்டு, கொம்பு இல்லை, றெக்கை இல்லை. வண்டுக்குக் கால் ஆறு, கொம்பும் உண்டு, றெக்கையும் உண்டு. றெக்கை இருப்பதற்குச் சிவகாசி பஸ் கண்டக்டர் சாட்சி. சிலந்தி கடித்தால் விஷம் ஏறும், கடித்த இடம் வீங்கிக் காய்ச்சல் வரும். வண்டு கடித்தால் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான்.

"மூச்சு எப்படி விடுதுன்னு பாருங்க" என்று ஹார்லிக்ஸ் புட்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

வண்டு மேலே வந்து, பின்பக்கத்தைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, முதுகு ஓட்டுக்கு அடியில் காற்றை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று அடிக்குப் போனது. வாலில் ஒரு வெள்ளிக் குமிழி தொங்கியது. அத்தனை பேரும் தும்மலை மறந்து பார்த்தார்கள். ஜாம் புட்டிக்குள் சிலந்தி தன் எட்டுக் காலையும் மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. சத்தியநாதனால் அதை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. ஈ பிடித்துக் கொடுத்து வளர்த்தவனே அதற்கு எதிராகச் சாட்சி கொண்டுவந்திருக்கிறானே என்று இருந்தது.

மண்டிக்காரருக்கு ஒரு சந்தேகம். "ரெண்டும் சண்டை போட்டா எது செயிக்கும், டீச்சர்?"

"தண்ணிக்குள்ள வண்டு. வெளிய சிலந்தி."

"அப்ப அதது எடத்துல அதது இருந்துக்கிட வேண்டியதுதான்" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டார் மண்டிக்காரர். லேபிளைக் கையில் வாங்கினார். கால்களை எண்ணினார். ஆறு. சீனிச்சாமியிடம் கொடுத்து அவரையும் எண்ணச் சொன்னார்.

சீனிச்சாமி எண்ணினார். ஏதோ சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொண்டார். முனியசாமியைப் பார்த்தார். முனியசாமி மோட்டு வளையைப் பார்த்தார். பிறகு சீனிச்சாமி, ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாமல், இதையே எழுத்தில் கொடுத்துவிட்டால் பின்னால் ஒருவருக்கொருவர் சடவு மனத்தாங்கல் இருக்காது என்று மட்டும் சொன்னார்.

ஆண்டிச்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, தாமே சொல்லச் சொல்லச் சத்தியநாதனை எழுத வைத்தார். 'எங்கள் லேபிளில் இருப்பது சிலந்தி அல்ல. முழுக்க முழுக்க நீர்வண்டு. இதை உயிருள்ள பூச்சிகளைக் கொண்டு நிரூபித்திருக்கிறோம்.' கீழே கையெழுத்துப் போட்டார். டீச்சர் சாட்சிக் கையெழுத்து, மண்டிக்காரர் சாட்சிக் கையெழுத்து. தாளைச் சீனிச்சாமி ரெண்டாக மடித்து உள் பைக்குள் வைத்துக்கொண்டு, மண்டிக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார். போகிற போக்கில் அவர் முகத்தில் ரெண்டு வேளைச் சாப்பாட்டுக் களை வந்திருந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சத்தியநாதனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அண்ணனுக்கு இன்றைக்கே கார்டு போட்டு, முக்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்ல வேண்டும். ஆண்டிச்சாமி அவன் தோளில் கைபோட்டு, தீபாவளி முடிந்ததும் அவனுக்குத் தனி அறையும் மின்விசிறியும் உண்டு என்றார். டீச்சரம்மாவுக்குக் குடிக்கக் கலர் வாங்கி வரச் சொன்னார். ஞானபூரணி, கோர்ட்டில்கூட இதே உண்மையைத்தான் சொல்லியிருப்பேன் என்றபடி புடவைத் தலைப்பால் புட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செருப்பைத் தேடிக்கொண்டு முனியசாமி மட்டும் வாசலில் நின்றார். வயதானவர், இரக்கப்பட்ட முகம். சத்தியநாதன் அவருக்குக் கை கொடுத்து, தோற்றுப்போனதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், தொழில் என்றால் ஆயிரம் இருக்கும் என்று ஆறுதல் சொன்னான்.

"தோக்கல தம்பி" என்றார் முனியசாமி, செருப்பை மாட்டிக்கொண்டே. "நோட்டீசை வாபஸ் வாங்கத்தான் இன்னைக்கு வந்தோம், எங்க ஆர்ட்டிஸ்டு எடம் பத்தலைன்னு ரெண்டு காலை விட்டுட்டான், அதை எண்ணிப் பாத்துட்டு மார்க் பதியுற ஆபீசுல எங்களுக்குப் பதிஞ்சு குடுத்திருக்கது சிலந்தி மார்க் இல்ல, நீர்வண்டு மார்க்."